கேன்சருக்காக மட்டும் பேசிய மாமா

“…கேன்சரே இல்லைன்னா, அப்ப நான் எதுக்குடா உன்கூட வாயைத் தொறந்து பேசினேன்?” என்றார் மாமா.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் கட்டுப் பிரிக்கிற அறை. நான் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். தலைமாட்டு மேஜையில் அவரை விதை மாதிரி வளைந்த எவர்சில்வர் ட்ரேக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அதற்கு ஆஸ்பத்திரியில் கிட்னி ட்ரே என்று பேர். இடது கிட்னியை எடுத்துவிட்டு வந்து படுத்திருக்கிறவன் கண்ணெதிரே அத்தனை கிட்னியை அடுக்கி வைத்திருக்கிறார்களே என்று அப்போதுதான் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா தையலில் பாதியைப் பிரித்திருந்தார். அதற்குள் டாக்டரம்மா என் கட்டியின் பரிசோதனை முடிவோடு உள்ளே வந்தார். “உங்களுக்கு வந்தது கேன்சர் இல்லை” என்றார்.

என் மனைவி அழ ஆரம்பித்தாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரரான மாமா கேட்ட முதல் கேள்விதான் மேலே சொன்னது.

மச்சானுக்குக் கேன்சர் இல்லை என்றதும் ஏதோ ஏமாந்து போனவர் மாதிரி யாராவது கேட்பார்களா? அவர் கேட்பார். கேட்க நியாயமும் இருந்தது. அந்த நியாயம் புரியணும் என்றால் கொஞ்சம் பின்னாடி போகணும்.

எனக்கு மயிலாப்பூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. பள்ளிக்கூடத்தை நான் எட்டாம் வகுப்போடு விட்டேன், அல்லது அது என்னை விட்டது. மீதிப் படிப்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பார்த்துக் கற்றதுதான். மிக்ஸியைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருக்கிற ஜனங்கள் பேசுகிற பேச்சு வேறெங்கும் கிடைக்காது. “சுத்துதுங்க, ஆனா மனசில்லாம சுத்துது” என்று ஒரு அம்மா தன் மிக்ஸியைப் பற்றிச் சொன்னார். திறந்து பார்த்தேன். அந்த மோட்டாரைப் பற்றி நான் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. இப்படி ஒவ்வொருத்தர் சொன்னதையும் மனசில் போட்டு வைத்துக்கொண்டு, சமயம் வரும்போது எடுத்து விடுவது என் பழக்கம்.

ஆனால் பேச்சில் மாமாவை மிஞ்ச முடியாது. அவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருந்தவர். ஆயுசு முழுக்கக் கல்யாண வீட்டுக்காரர்கள் எதிரே உட்கார்ந்து புடவை பிரித்துப் போட்டவர். அதனால் எங்கள் குடும்பத்தில் கல்யாண முறைகளுக்கு அவர்தான் ஹைகோர்ட்டு. பத்திரிகையைக் கையில் நீட்டக் கூடாது, தட்டில் வைத்துத்தான் கொடுக்கணும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் இருக்கணும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கணும். ராகு காலத்தில் தட்டைத் தொடக் கூடாது. துக்க வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பத்திரிகை போகவே கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் அவர் கணக்கில் அது பத்திரிகை இல்லை, விளம்பர நோட்டீஸ்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அச்சகத்திலிருந்து பத்திரிகையின் படம் வந்த சந்தோஷத்தில், பையன் அதை அப்படியே குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டான். முதல் பத்திரிகையே அக்கா வீட்டுக்குத்தான் என்று நாங்கள் வெள்ளித் தட்டைத் துலக்கி வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றோம். மாமா உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அக்காவுக்குச் சொல்கிற மாதிரி குரல் மட்டும் வந்தது.

“ஏம்மா, வந்திருக்கிறவங்ககிட்ட சொல்லு. நமக்குப் பத்திரிகை வந்துடுச்சு. யாரோ அனுப்பின குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கும் மூட்டு வலிக்கு முட்டைக்கோஸ் வைத்தியத்துக்கும் நடுவுல வந்துச்சு. பாத்துட்டேன்.”

கல்யாணத்துக்கு அக்கா மட்டும் வந்தாள்.

அன்றிலிருந்து மாமா என்னோடு நேராகப் பேசுவதில்லை. அதற்காகப் பேசாமலும் இருக்க மாட்டார். நடுவில் ஒரு ஆள் இருந்தால் போதும். நங்கநல்லூரில் ஒரு காதுகுத்து விருந்தில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். மாமா பரிமாறுகிறவரிடம், “பக்கத்து இலைக்கு ரசம் வேணும் போலிருக்கு, ஊத்துப்பா” என்றார். நான் அதே ஆளிடம், “பக்கத்து இலைக்குச் சுகர் இருக்கு, பாயசம் ரெண்டாந்தடவை ஊத்தாதேப்பா” என்றேன். அந்த மனுஷன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் சண்டையா, இல்ல கூட்டா, எனக்குச் சொல்லிடுங்க சார்” என்றார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு மந்தமான வலி வந்தது. வாயு என்று பூண்டு தின்றேன். மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். வலி போகவில்லை, மனைவி பக்கத்தில் உட்காரமாட்டேன் என்றதுதான் மிச்சம். கடைசியில் அவளே இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். அதைப் பார்த்தவர் இன்னொரு பெரிய ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம்.

“உங்க இடது கிட்னியோட வாசல்லயே ஒரு கட்டி உக்காந்திருக்கு” என்றார்.

“நல்ல கட்டியா, கெட்ட கட்டியா டாக்டர்?”

“இந்த இடத்துல, இந்த மாதிரி தெரிஞ்சா கேன்சர்னுதான் எடுத்துக்கணும். ரத்தக் குழாய் எல்லாம் போற வழியில இருக்கறதால கிட்னியையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.”

“ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாக்க முடியாதா?” என்று மனைவி கேட்டாள். அந்த இடத்தில் ஊசி போடுவதும் ஆபத்து, சின்னத் துணுக்கை வைத்து நிச்சயமாகச் சொல்லவும் முடியாது, முழுசாக எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. நிதானமாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வெளியே வந்து ஆட்டோ ஏறும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயமே வந்ததாம்.

விஷயம் பரவியது. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் ஆறுதல் சொல்ல வந்து பாதி வழியில் நின்றுவிடுவார்கள். மாடி வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான். இதே பக்கம், இதே சைஸ்” என்றார்.

“அப்புறம் என்ன ஆச்சு?” என்று ஆவலாகக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். “காபி ரொம்ப நல்லா இருக்கு” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாமா. இரண்டு கையிலும் இளநீர். பின்னால் அக்கா, அழுது வீங்கிய முகத்தோடு. என் வீட்டு வாசலை அவர் மிதித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நடுவில் நிற்க யாராவது வேண்டுமே என்று நான் மனைவியைக் கூப்பிடப் போனேன். அதற்குள் அவரே நேராக என் முகத்தைப் பார்த்து, “டேய், என்னத்தடா பண்ணி வெச்சிருக்கே?” என்றார். ஏதோ நான் பீங்கான் சாமானை உடைத்துவிட்ட மாதிரி.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாக ஒப்பந்தத்தைப் பேசினார்.

“இதோ பாரு. நான் இப்பப் பேசறது உன் கேன்சருக்காக. அந்த வாட்ஸ்ஆப் விஷயம் அப்படியேதான் இருக்கு. அது தனி, இது தனி. ரெண்டையும் கலக்காதே.”

“சரி மாமா.”

“வியாதி முடிஞ்சா பேச்சும் முடிஞ்சுது.”

“அது எப்படி முடிஞ்சாலும் பேச்சு முடிஞ்சிடும் மாமா” என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரில் அடுத்த மாசத்து அமாவாசையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இளநீரைச் சீவி வாங்கிவர மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு என் உடம்புக்கு அவர்தான் மேனேஜர். தி.நகரிலிருந்து காலையில் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ரத்தம் எடுக்கிற பெண்ணிடம், “மெதுவாம்மா, பார்க்கத்தான் முரடு, உள்ள பயந்தாங்கொள்ளி” என்பார். அவரும் நானும் பேசாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய பெண்ணுக்கு, அதாவது என் அக்கா மகளுக்கு, தை மாசம் கல்யாணம். நான் தாய்மாமன். காது குத்தும்போது அவள் என் மடியில் உட்கார்ந்துதான் அலறினாள், என் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துக் கையிலேயே வைத்திருந்தாள். மணமேடைக்கு அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வர வேண்டியவன் நான். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு என்னை இன்னும் யாரும் அழைக்கவில்லை. ஒருநாள் அக்காவிடம் மெதுவாக, “பத்திரிகை அடிச்சாச்சா?” என்று கேட்டேன்.

“அடிச்சாச்சுடா. அதைப் பத்தி அவர்கிட்ட மட்டும் கேட்டுடாதே.”

நான் கேட்கவில்லை. அழைக்காமல் போய் நிற்கவும் முடியாது. அழைத்தாலும் போக நான் இருக்கணும். உயிர் பயம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, எனக்கு அது இந்த உருவத்தில்தான் வந்தது. மேடையில் அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு வேறு யாரோ நடந்து வருகிறார்கள், அந்த ஆளின் முகம் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மாமா, “பயமா இருக்காடா?” என்று கேட்டார்.

“வேற ஒண்ணும் இல்ல மாமா. பாப்பா கல்யாணத்தைப் பாக்கணும்னு…”

“அது தனி” என்றார் சட்டென்று. “டீ சாப்பிடறியா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கீழே போனார். இரண்டு டீ வாங்கி வந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு இரண்டையும் அவரே குடித்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியும் போயிற்று, இடது கிட்னியும் போயிற்று. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டாள். பக்கத்துக் கடை டெய்லர் பாய் தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு வந்து கொடுத்தார்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா பட்டினப்பாக்கத்துக்காரர். கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நான் தலையணையை வயிற்றில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா நைனா, ஸ்டெப்னிய கழட்டிட்டாங்களாமே? வண்டி ஓடுது இல்ல? அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு குந்திக்கினு கீற? மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திக்கினு வந்துக்கிறேன். ஒண்ணும் ஆவாது.”

எனக்குச் சிரிப்பு வந்து தையல் வலித்தது. மாமாவுக்குக் கோபம். “மனுஷனோட கிட்னி இந்தம்மாவுக்கு ஸ்டெப்னியா?” என்று மீன்காரம்மா போனபிறகு பொருமினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது, யாரோ சொந்தக்காரர் என்னைப் பற்றி விசாரித்தார் போல. “ஒண்ணும் இல்லப்பா, ஸ்டெப்னியத்தான் எடுத்திருக்காங்க, வண்டி ஓடும்” என்று மாமா சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கப் போனோம். பதினோரு மணி. அக்காவும் மாமாவும் அதை முடித்துக்கொண்டு, ராகு காலம் கழிந்தபிறகு பெசன்ட் நகர்ப் பக்கம் இரண்டு மூன்று வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கப் போவதாக இருந்தார்கள். பத்திரிகைப் பையைக் காரில் வைத்தால் வெயிலில் வெற்றிலை வாடிவிடும் என்று அக்கா மேலே கொண்டு வந்துவிட்டாள். அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை மாமா பார்த்தார். பையை அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

அப்போதுதான் டாக்டரம்மா வந்து அந்த வார்த்தையைச் சொன்னது.

“கேன்சர் இல்லைன்னா அது என்னதுங்க?” என்று அக்கா கேட்டாள்.

“நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும், ஒயருக்கு மேல ரப்பர் இருக்கிற மாதிரி. கிட்னிக்குப் போற நரம்போட அந்த உறையில இருந்து வளர்ந்த கட்டி இது. ஷ்வானோமான்னு பேரு. கெடுதல் பண்ணாத கட்டி. ஆனா அந்த இடத்துல வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஸ்கேன்ல கேன்சர் மாதிரியேதான் தெரியும். அப்பப்ப வந்து ஒரு ஸ்கேன் எடுத்துக்கிட்டா போதும்.”

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப அந்தக் கிட்னி…” என்று இழுத்தாள்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதைக் காப்பாத்தப் பாத்திருப்பேம்மா. தெரிஞ்சுக்க வழி இல்லாமப் போச்சு. எனக்கும் அது வருத்தம்தான்” என்றார் டாக்டரம்மா.

விஷயம் தெரிந்தபிறகு எத்தனையோ பேர், கேஸ் போடு, சும்மா விடாதே என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிட்னி போனது போனதுதான், சில நாள் காலையில் குளிக்கும்போது அந்தத் தழும்பின்மேல் கை போனால் கொஞ்சம் மனசு கனக்கும். ஆனால் நான் ரிப்பேர்க்காரன். ஒரே மாதிரிச் சத்தம் போடுகிற இரண்டு மிக்ஸியில் ஒன்றுக்குப் பேரிங் போயிருக்கும், இன்னொன்றுக்குள் ஒரு புளியங்கொட்டை மாட்டியிருக்கும். திறந்தால்தான் தெரியும். அந்த அம்மா திறந்து பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி என் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு அது போதும்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். டாக்டரம்மா இதையெல்லாம் சொல்லி முடித்தபிறகுதான் அவர், எதுக்குடா உன்கூடப் பேசினேன் என்று கேட்டார். டாக்டரம்மா, இது குடும்ப விவகாரம் என்று புரிந்துகொண்டு, நர்ஸம்மாவிடம் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார். ஒப்பந்தப்படி வியாதி முடிந்தது, பேச்சும் முடிந்தது. அதிலும் வராத வியாதிக்கு அவர் இத்தனை நாள் பேசியிருக்கிறார். அவர் பக்கம் பார்த்தால் பெரிய நஷ்டம்தான்.

மாமா என்னிடமிருந்து முகத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

“ஏம்மா…” என்றார்.

பிரிக்காத பாதித் தையல் எனக்குச் சுருக்கென்று இழுத்தது. போச்சு, இனிமேல் பக்கத்து இலைக்கு ரசம்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏம்மா, அந்தப் பையை எடு.”

அக்கா பதறிப்போனாள். “இங்கயா? ஆஸ்பத்திரிங்க இது!”

“வியாதிதான் இல்லைன்னுட்டாங்களே. அப்புறம் என்ன ஆஸ்பத்திரி? வெறும் கட்டடம்.”

“ராகு காலம் வேற. பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிடும். தட்டு கூடக் கார்லதான் இருக்கு, நான் போய் எடுத்துக்கிட்டு…”

“லிஃப்ட் வந்து, நீ எறங்கி, மறுபடி ஏறி வர்றதுக்குள்ள எனக்கு மனசு மாறிடும்.”

சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். கையை நீட்டி, அடுக்கிலிருந்து மேலே இருந்த கிட்னி ட்ரேயை எடுத்தார்.

“சார், சார், அதைத் தொடாதீங்க! சுத்தம் பண்ணி வெச்சது!” என்றார் நர்ஸம்மா.

“அதனாலதாம்மா எடுத்தேன்.”

பத்திரிகையை அதில் வைத்தார். ட்ரேயின் வளைவுக்குள் அது அடங்கவில்லை, ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது. மேலே வாழைப்பழத்தை வைத்து அழுத்தினார். அந்த ட்ரே தனக்கென்றே செய்தது மாதிரி வாழைப்பழம் வளைந்து படுத்துக்கொண்டது. வெற்றிலை பாக்கை ஓரத்தில் செருகினார். குங்குமச் சிமிழைத் திறந்து வைத்தார். அக்காவைத் தோளைத் தொட்டுத் தன் பக்கத்தில் நிறுத்தினார். “தங்கச்சி, நீயும் அவன் பக்கத்துல வந்து நில்லும்மா” என்று என் மனைவியைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். “படுத்தே வாங்குடா, பிரிக்காத தையல் பிரிஞ்சிடப் போவுது” என்று அதட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “பொண்ணுக்குத் தாய்மாமன். குடும்பத்தோட முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்” என்று ட்ரேயை இரண்டு கையாலும் நீட்டினார். நான் தூக்கிப் பிடித்திருந்த சட்டையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடிக்கிறவரைக்கும் அவர் அதை விடவில்லை.